சமையல்கட்டுக்கு முதுகு காட்டி உட்காருங்க: ஓய்வுபெற்ற ஓட்டல்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் 32 வருஷம் சைவ ஓட்டல் நடத்தினேன். 1988-இல் நாலு பெஞ்சும் ஒரு தோசைக்கல்லுமாக ஆரம்பித்த கடை. 2020 மார்ச் ஊரடங்கில் ஷட்டரை இறக்கினேன். திறக்கலாம் என்று அரசு சொன்னபோது மாஸ்டர்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள், எனக்கும் முழங்கால் போயிருந்தது. ஆகஸ்டில் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நானும் மனைவியும் வருஷத்தில் இரண்டு மூன்று முறை எங்கேயாவது கிளம்பிவிடுகிறோம். கல்யாணப் பந்தியிலும் காலை நடையிலும் பழைய வாடிக்கையாளர்கள் பிடித்து நிறுத்திக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். "எழுதி வெச்சிருங்க தாத்தா, லிங்க் அனுப்பிடலாம்" என்றான் பேரன். எழுதிவிட்டேன்.

கடையை விட்டு நகராத ஆள் நீங்கள். திடீரென்று எப்படி இந்த ஊர் சுற்றும் ஆசை?

ஆசை என்னுடையது இல்லை, அவளுடையது.

ஓட்டல்காரன் வீட்டுக் கடிகாரம் வேறு மாதிரி ஓடும். விடிகாலை மூன்றரைக்கு எழுந்தால் நாலரைக்குக் கடையில் அடுப்பு. முதல் பஸ்காரர்களுக்கு ஐந்தே முக்காலுக்கு இட்லி ஈடு இறங்கியாக வேண்டும். ராத்திரி கல்லாவை எண்ணி, மறுநாளைக்குக் காய்கறி சொல்லி, கிளம்பும்போது பதினொன்று. நான் சாப்பிடுவது மதியம் மூன்றரை மணிக்கு, ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்குத் தலையைக் காட்டி, மொய் எழுதி, பந்திக்கு முன்னால் ஓடி வந்துவிடுவேன். பந்தியில் அவள் பக்கத்து இலையில் யாராவது அத்தையோ சித்தியோ இருப்பார்கள்.

கடையை மூடிய பிறகு ஒரு மதியம், வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் மோருக்கு வந்தபோது அவள் சாம்பாரில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த பந்திக்கு ஆள் நிக்குதா? யாருக்காக எழுந்திரிக்கிறீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. இந்த வீட்டில் இருக்கும்வரை இவர் மாறமாட்டார், வேறு ஊர் மேஜையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்திருக்கிறாள். அது பின்னால்தான் தெரிந்தது.

ஓட்டல் நடத்தியவர் இன்னொரு ஓட்டலில் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? குறைதானே கண்ணில் படும்?

முதல் வருஷம் முடியவே இல்லை. சாப்பாடு வருவதற்குள் நான் கடையை அளந்து முடித்திருப்பேன். மூணாம் நம்பர் டேபிளில் இலை எடுக்கவில்லை. சப்ளையர் தண்ணீர் டம்ளரை வாய்ப்பக்கம் விரல் விட்டுப் பிடித்து நாலாகத் தூக்குகிறார். கல்லாவில் இருப்பவர் போனைப் பார்க்கிறார், பில் போடாமல் இரண்டு காபி வெளியே போயிற்று. இதெல்லாம் எனக்கு எதற்கு? ஆனால் கண் போகும்.

தஞ்சாவூரில் ஒரு கடையில் எதிர் டேபிள்காரர் கை காட்டிக் காட்டிப் பார்க்கிறார், யாரும் வரவில்லை. நான் எழுந்து போய் "என்ன சார் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் "ஒரு நெய் ரோஸ்ட்" என்றார். நானும் உள்ளே பார்த்து "ஒரு நெய் ரோஸ்ட்" என்று குரல் கொடுத்தேன். உள்ளே மாஸ்டர் எதுவும் நடக்காதது போல மாவை ஊற்றிவிட்டார். அந்தக் கடைக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கிலிருந்து என் மனைவி ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். எந்தக் கடைக்குப் போனாலும் சமையல்கட்டும் கல்லாவும் தெரியும் நாற்காலி அவளுக்கு. எனக்குச் சுவர்ப் பக்கம். சுவரில் முருகன் காலண்டரோ கை கழுவும் இடத்துக்கு அம்புக்குறியோ இருக்கும், அதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அவளைப் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டில்தான் அவள் அப்பளத்தை உடைக்காமல் கடைசிவரை வைத்திருந்து, பாயசத்தோடு நொறுக்கிச் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரிய வந்தது. அப்போது கல்யாணமாகி 37 வருஷம் ஆகியிருந்தது.

தெரியாத ஊரில் எந்தக் கடைக்குப் போவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆட்டோக்காரரிடம் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காதீர்கள். ஏசி உள்ள இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் இறக்குவார், சில இடங்களில் அவருக்குக் கமிஷனும் உண்டு. "நீங்க காலையில எங்கே சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

நெடுஞ்சாலையில் லாரி நிற்கும் கடை நல்ல கடை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். லாரி நிறுத்த விசாலமான இடம் வேண்டும், குளிக்கத் தொட்டித் தண்ணீர் வேண்டும், ராத்திரி கட்டில் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சாப்பாடு சுமாராக இருந்தாலும் வண்டி நிற்கும்.

கூட்டத்தைப் பார்ப்பதும் சரிதான், ஆனால் எந்த நேரத்துக் கூட்டம் என்று பார்க்க வேண்டும். காலை எட்டரைக்கு எல்லாக் கடையிலும் கூட்டம் இருக்கும். பத்தரைக்கும் ஆள் உட்கார்ந்திருந்தால், அவர்கள் அந்தக் கடைக்கென்று வந்தவர்கள்.

உள்ளே நுழைந்ததும் நான் நேராகக் கை கழுவப் போவேன். அங்கே தண்ணீர் தேங்காமல், வாளி வழியாமல், சோப்பு கரைந்து கிடக்காமல் இருந்தால் உள்ளே ஒரு முதலாளி நடமாடுகிறார் என்று அர்த்தம். சமையல்கட்டை நமக்குக் காட்டமாட்டார்கள். அதன் தம்பி இந்த இடம். வரும் வழியில் மூக்கையும் கொஞ்சம் வேலை வாங்கலாம். பலமுறை காய்ந்த எண்ணெயின் கமறல் தெருவிலேயே தெரிந்துவிடும். அந்த வாடை வந்தால் அங்கே இட்லி சாப்பிடலாம், வடை வேண்டாம்.

பிறகு பலகை. நாற்பது அயிட்டம் எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தோசை, பரோட்டா, நூடுல்ஸ், பன்னீர் பட்டர் மசாலா எல்லாவற்றையும் ஒரே சரக்கு மாஸ்டர் செய்ய முடியாது. ஃப்ரிட்ஜ்தான் செய்யும்.

பதினொரு மணிக்கு மேல் டிபன் சாப்பிட்டால் தேங்காய்ச் சட்னியை முதலில் முகர்ந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு அரைத்தது வெயில் காலத்தில் அந்த நேரத்துக்குத் தாங்காது. தேங்காய் விலை ஏறும்போது பொட்டுக்கடலை கூடும், தேங்காய் குறையும். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது, நானும் செய்தவன்தான்.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று படித்தவர்கள் பார்க்கிறார்கள். பாருங்கள், நல்லதுதான். ஆனால் அது பில் வந்த பிறகு தெரிகிற விஷயம்.

முதலில் என்ன ஆர்டர் செய்வீர்கள்?

காலையென்றால் நான் இட்லி. இட்லியில் எதையும் ஒளிக்க முடியாது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுக் கணக்கு. உளுந்தைக் குறைத்தால் கல்லாகும், ஈரத்தில் பஞ்சு போல இருந்து ஆறியதும் காய்ந்துபோனால் சோடா உப்பு வேலை செய்திருக்கிறது. நடுவில் விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழாமல் எழும்ப வேண்டும்.

என் மனைவி இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். "இட்லி கிரைண்டர் செய்யுறது, ரசம்தான் ஆள் செய்யுறது" என்பாள். மதியச் சாப்பாட்டில் முதலில் ரசத்தை ஒரு கரண்டி கையில் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சாதத்தில் கை வைப்பாள். எங்கள் கடைக்கு 32 வருஷமும் சாம்பார் பொடி, ரசப் பொடி அவள் கையால் வறுத்தது. அதனால் நான் வாதம் செய்வதில்லை.

அப்புறம், அந்தந்த ஊரில் அந்த ஊர்க்காரர் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். இரண்டு பேராகப் போவதில் உள்ள லாபமே வேறு வேறு வாங்கிப் பாதிப் பாதி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். பெங்களூரு லால்பாக் சாலையில் எம்.டி.ஆருக்குப் போனோம். 1924-இல் தொடங்கிய கடை. இரண்டாம் உலகப்போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி செய்து பார்த்தது தாங்கள்தான் என்பது அந்தக் கடைக்காரர்கள் சொல்லும் வரலாறு. அரிசி இல்லையென்று கடையைச் சாத்தாமல் ரவையை எடுத்த மூளை எனக்குப் பிடித்தது. தாளித்த கடுகும் முந்திரியுமாக இட்லி வந்தது, அவள் மசால் தோசை வாங்கினாள். கூடவே சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய். நான் அந்த நெய்யின் அடக்க விலையைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அவள் கிண்ணத்தை என் தட்டிலேயே கவிழ்த்துவிட்டு "இப்ப கணக்கு முடிஞ்சுது, சாப்பிடுங்க" என்றாள்.

இதுவரை சாப்பிட்டதில் மறக்க முடியாத இடம் எது?

பணம் வாங்காத இடம். அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கர், அதாவது அங்கே எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் கூடம்.

மற்றவர்கள் பக்தியோடு பார்ப்பார்கள், நான் தொழில்காரனாகப் பார்த்தேன். சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல், விசேஷ நாளில் லட்சம் பேர்வரை சாப்பிடுகிறார்கள். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. நுழைகிற இடத்தில் பள்ளம் வைத்த ஸ்டீல் தட்டு, கிண்ணம், ஸ்பூன் கையில் கொடுக்கிறார்கள். நீளமான பாயில் வரிசையாக உட்கார வேண்டும். வாளியில் பருப்பு, காய், கீர் வருகிறது. ரொட்டியை மட்டும் தட்டில் போடமாட்டார்கள், இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். எனக்குத் தெரியாமல் தட்டை நீட்டினேன். ரொட்டிக்காரர் சிரித்துக்கொண்டே நின்றார், நான் கை ஏந்தும்வரை நகரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பரிமாற வைத்தவன், கை நீட்டி வாங்கியதில்லை. அது கொஞ்சம் தொண்டையை அடைத்தது, மறைக்க வேண்டாம்.

ஒரு பந்தி எழுந்து, தரையைத் துடைத்து, அடுத்த பந்தி உட்கார ஆகும் நேரத்தை என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எங்கள் கடையில் ஒரு டேபிள் துடைக்கும் நேரத்தில் அங்கே பல நூறு பேர் மாறிவிட்டார்கள். சம்பள ஆட்கள் கொஞ்சம்தான், பெரும்பாலும் தொண்டர்கள். இத்தனை பேரை மேய்க்க சூப்பர்வைசர் யார் என்று தேடினேன், கடைசிவரை கண்ணில் படவில்லை.

வெளியே வந்தால் தட்டு கழுவும் இடம். ஆயிரக்கணக்கான ஸ்டீல் தட்டுகள் தொட்டியில் விழுகிற சத்தம், பக்கத்தில் பேசுவது கேட்காது. என் மனைவி ரொட்டி உருட்டும் பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். பாஷை தெரியாது, இரண்டு பக்கமும் சிரிப்பு மட்டும்தான். நான் தட்டு கழுவும் தொட்டிக்குப் போனேன். இதைச் சொல்லியாக வேண்டும்: நான் முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 14 வயதில் திருச்சிக்கு வந்தது ஒரு ஓட்டலில் டேபிள் துடைக்கும் கிளீனராக. சொந்தக் கடை வைத்த அன்றோடு எச்சில் தட்டைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தேன். அமிர்தசரஸில் ஒரு மணி நேரம் கழுவினேன். கை தானாகப் பழைய வாட்டத்துக்குப் போய்விட்டது, விளிம்பில் ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று, திருப்பி ஒரு தட்டு. அவள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லை, தொழில் மறக்கலை" என்றாள்.

காசிக்குப் போனீர்களே, சாப்பாட்டுக்குக் கஷ்டமாக இல்லையா?

காசியில் தமிழ் ஆளுக்கு என்ன கஷ்டம்? கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. விசுவநாதருக்குத் தினமும் அங்கிருந்து பூசைப் பொருள்கள் "சம்போ" என்று குரல் கொடுத்தபடி ஊர்வலமாகப் போவது பல தலைமுறையாக நடக்கிறது. அங்கே சாதம், சாம்பார், ரசம், மோர் என்று வந்தபோது, வீட்டை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து திரும்ப வீட்டுக்கே வந்த மாதிரி இருந்தது.

ஆனால் நான் சொல்ல விரும்புவது 'மலையோ' என்கிற பால் நுரை இனிப்பைப் பற்றி. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். காய்ச்சிய பாலை ராத்திரி முழுக்கத் திறந்த வெளியில் பனியில் வைத்து, விடிகாலையில் கடைந்து நுரையை மட்டும் எடுப்பார்கள். குங்குமப்பூ மஞ்சள் நிறத்தில் மண் குவளையில் தருகிறார்கள். ஸ்பூனில் எடுத்தால் கனமே இல்லை, வாயில் வைத்தால் இருந்ததா என்று சந்தேகம் வரும். வெயில் ஏறினால் அமுங்கிவிடும், அதனால் காலையிலேயே வியாபாரம் முடிகிறது. மிச்சம் வைத்து மறுநாள் விற்க முடியாத ஒரு சரக்கைத் தலைமுறை தலைமுறையாக விற்கிறார்கள்! நான் இரண்டு குவளை சாப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு என்பது அவளுக்கு மூன்றாவதை வாங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது, அதை அவளே சாப்பிட்டாள்.

நன்றாக இல்லையென்றால் கடைக்காரரிடம் சொல்வீர்களா?

சொல்லலாம், ஆனால் மற்ற டேபிளுக்குக் கேட்காமல். சப்ளையரிடம் கத்தாதீர்கள், அவர் சமைக்கவில்லை. கை கழுவிவிட்டு வரும்போது கல்லாவில் இருப்பவரிடம் "இன்னைக்கு பொரியல்ல உப்பு தூக்கலா இருக்கு, பார்த்துக்குங்க" என்றால் போதும். நல்ல முதலாளி உடனே உள்ளே போவார். நானும் அப்படித்தான் போவேன். யாரோ ஒருவர் சொன்னதற்குப் பின்னால் சொல்லாமல் போன இருபது பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் எல்லை மீறிய கதையும் உண்டு. மைசூரு போகும் வழியில் ஒரு கடை, பேர் வேண்டாம். மதியம் இரண்டே முக்கால். சாம்பாரை ஊற்றியதும் இலையில் ஓடுகிறது. எனக்கு ஆத்திரம். "கூட்டம் அதிகமானதும் வெந்நீரை ஊத்தி நீட்டியிருக்கான், இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று ஆரம்பித்தேன். எதிரே அவள் அமைதியாகச் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "நீங்க ஊத்தாத வெந்நீரா? ராத்திரி பார்சல்ல வந்த சாம்பார் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கல்லாவில் ஒன்றும் சொல்லவில்லை.

சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி, டிப்ஸ்: எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டாம்?

சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். 2017 நவம்பர் 15 முதல் இந்த விகிதம். அதற்கு முன் ஏசி கடைகளில் 18 போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது 18 என்பது ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில்தான். பலருக்குத் தெரியாத ஒன்று: சின்னக் கடைகள் காம்போசிஷன் முறையில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறையில், பதிந்திருந்தால் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கவே கூடாது. அவர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து கட்ட வேண்டியது அது.

சர்வீஸ் சார்ஜ் அரசுக்குப் போவதில்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்காரர் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அவள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவருவாள்.

டிப்ஸைத் தட்டில் வைக்காதீர்கள், பரிமாறியவர் கையில் கொடுங்கள். தட்டில் வைத்தது எந்தப் பாக்கெட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். முடிந்தால் இலை எடுக்கும் பையனுக்குத் தனியாகப் பத்து ரூபாய். இது என் சொந்தப் பிடிவாதம், எல்லாருக்கும் பொருந்த வேண்டியதில்லை.

வெளிநாட்டில் சாப்பிட்ட அனுபவம்?

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், 2023-இல் ஒரு மாதம் தங்கினோம். அங்கே ஹாக்கர் சென்டர் என்று கூரை போட்ட பெரிய கூடங்கள். ஒவ்வொரு கடையும் பத்தடி அகலம், சிலது ஒரே ஒரு பண்டத்தை வருஷக்கணக்கில் செய்கிறது. இந்த உணவுப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. லிட்டில் இந்தியா டெக்கா சென்டரில் ரொட்டி பராட்டா போடுகிறவர் மாவை வீசுவதைப் பார்க்கவே அவள் என்னைச் சுவர்ப் பக்கத்திலிருந்து விடுதலை செய்தாள்.

இடம் பிடிக்க மேஜை மேல் டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுப் போகிறார்கள், யாரும் எடுப்பதில்லை. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போலத்தான். 2021 செப்டம்பரிலிருந்து சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், வைக்காமல் மறுபடி மாட்டினால் அபராதம். கோட்டுப் போட்டவர்கள் எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். 14 வயதுக் கிளீனர் பையனுக்கு அதைக் காட்ட வேண்டும் போல இருந்தது.

அங்கிருந்து பினாங்குக்கு நாலு நாள். நாசி கண்டார் சாப்பிட்டோம். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடித் தண்டில் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் தோளில் தூக்கி விற்றது, அந்தத் தண்டுக்கு மலாயில் கண்டார் என்று பெயர். அவளுக்கு மீன் ஆகாது, வெண்டைக்காயும் குழம்பும் மட்டும் ஊற்றச் சொன்னாள். நான் வீட்டுக்கு வெளியே எல்லாம் சாப்பிடுவேன். சைவ ஓட்டல் நடத்தியவர் இப்படியா என்று கேட்பீர்கள், கடைதான் சைவம்.

வயதான தம்பதி முதல்முறை கிளம்புகிறார்கள். என்ன சொல்வீர்கள்?

ரயில் டிக்கெட்டில் வயதைச் சரியாகப் போடுங்கள், 60 தாண்டிய ஆணுக்கும் 45 தாண்டிய பெண்ணுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும், வாழை இலையில் கட்டி மேலே செய்தித்தாள். இரண்டாம் நாளுக்குப் புளியோதரை. தயிர்சாதம் வேண்டும் என்றால் பால் அதிகமாகவும் தயிர் ஒரு ஸ்பூனும் விட்டுப் பிசைந்தால் மறுநாள் மதியம் புளிக்காமல் இருக்கும். அவள் பையில் ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய் எப்போதும் இருக்கும், பஞ்சாபில் ஆலு பரோட்டாவுக்குக்கூட அதுதான்.

மாத்திரை போடுகிறவர்கள் ஓட்டல் நேரத்தை நம்ப வேண்டாம். வடக்கே பல ஊர்களில் இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான் சூடு பிடிக்கும். ஏழு மணிக்கு ஒரு வாழைப்பழமாவது கையில் இருக்கட்டும்.

பயணத்தில் உங்களுக்குள் சண்டை வருமா?

தினமும். கோயிலா, டிபனா, எது முதலில் என்று.

மறுபடி கடை வைப்பீர்களா?

மாட்டேன்.

உங்கள் கடைச் சாப்பாடு எப்படி என்று வீட்டம்மாவிடம் கேட்டதுண்டா?

கடை நடந்தவரை கேட்கத் தோன்றவில்லை. காசியிலிருந்து திரும்பும்போது கேட்டேன். ரயில் இடார்சியில் நின்றிருந்தது, ராத்திரி, பெட்டியில் பாதிப் பேர் தூக்கம். நாங்கள் பார்த்த கடைகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக மார்க் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் சட்னி, இந்த ரசம், அங்கே கொடுத்த பில்டர் காபி என்று. "நம்ம கடைக்கு எத்தனை மார்க்?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எப்படிச் சொல்றது? ராத்திரி பதினொன்றரைக்கு நீங்க பார்சல் கொண்டுவருவீங்க. ரவா தோசை துணி மாதிரி ஆகியிருக்கும், இட்லி ஆறியிருக்கும். முப்பத்திரண்டு வருஷத்துல நம்ம கடைப் பண்டத்தை ஒருநாள்கூடச் சூடா சாப்பிட்டதில்லையே."

கடை வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

பிளாட்பாரத்தில் டீக்காரர் கேத்தலோடு வந்தார். இரண்டு வாங்கினேன். முதல் கப்பைத் தொட்டுப் பார்த்தேன், சுமாராகத்தான் இருந்தது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு, அடுப்பிலிருந்து இறக்கியதாகக் கொண்டுவரச் சொன்னேன். அவர் ஓடிப்போய் வருவதற்குள் ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. கதவோரம் நின்று கையை நீட்டி வாங்கினேன், பாதி விரலில் கொட்டிவிட்டது. அவள் "எதுக்கு இந்த வயசுல" என்று திட்டிக்கொண்டே ஊதி ஊதிக் குடித்தாள்.